மைதானம் இல்லாத பள்ளி, ஒரு சிமென்ட் முற்றம், வகுப்புக்கு 40 பேர்: பி.டி. பீரியடை எப்படி நடத்தலாம்?

பெரம்பூர்_எஸ்எம்சி:
வணக்கம். பள்ளி மேலாண்மைக் குழு (எஸ்எம்சி) சார்பாகக் கேட்கிறேன். நடுநிலைப் பள்ளி. 6, 7, 8 வகுப்புகளில் தலா 40 பிள்ளைகள். மைதானம் கிடையாது, உள்ளே 20 மீட்டருக்கு 12 மீட்டர் சிமென்ட் முற்றம் மட்டும் இருக்கிறது. பகுதிநேர உடற்கல்வி ஆசிரியர் வாரத்தில் மூன்று அரை நாள் வருவார், மற்ற நாளில் வகுப்பாசிரியர்தான் பார்த்துக்கொள்கிறார். வாரத்துக்கு வகுப்புக்கு இரண்டு பீரியட், ஒவ்வொன்றும் 40 நிமிஷம். ஒன்று மதியச் சாப்பாடு முடிந்த உடனே. பாதிப் பிள்ளைகள் சுவரோரம் நிற்கிறார்கள், அதிலும் பெண் பிள்ளைகள் அதிகம். கையில் இருப்பது ரூ. 5,000. எதை வாங்குவது, எதை மாற்றுவது? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

நந்தனம்_கோச்:
எதையும் வாங்குவதற்கு முன் ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள் மேடம். 40 நிமிஷத்தில் மாடியிலிருந்து இறங்க 4, வரிசை நிற்க வைத்து வருகை எடுக்க 5, என்ன விளையாட்டு என்று விளக்க 5, முடிந்ததும் கை கால் கழுவி ஏற 4. ஆக 18 நிமிஷம் போய்விட்டது. மிச்சம் 22.

அந்த 22 நிமிஷத்தில் வழக்கமான ரிலே வைக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். 4 வரிசை, வரிசைக்கு 10 பேர், ஒருவர் ஓடித் திரும்ப 15 விநாடி. ஒரு பிள்ளைக்கு மறுபடி முறை வர 150 விநாடி ஆகும். முழுப் பீரியடிலும் அந்தப் பிள்ளை எட்டு, ஒன்பது தடவை ஓடும். கூட்டினால் 2 நிமிஷம் சொச்சம். 5 முதல் 17 வயது வரை ஒரு நாளைக்குச் சராசரி 60 நிமிஷம் மூச்சு வாங்கும் அளவுக்கு அசைய வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் 2020 வழிகாட்டுதல். நம் பீரியட் கொடுப்பது 2 நிமிஷம்.

அதே ரிலேயை வரிசைக்கு 3 பேராக 13 வரிசையாக்குங்கள் (40-வது பிள்ளை ஏதாவது ஒரு வரிசையில் நாலாவது). ஒருவர் ஓட, இருவர் காத்திருப்பார்கள். அதே 22 நிமிஷத்தில் ஆளுக்கு 7 நிமிஷம் ஓட்டம் கிடைக்கும். 12 மீட்டர் பக்கத்தில் 13 வரிசை நெருக்கும், 20 மீட்டர் பக்கத்தில் நிறுத்தி 8 மீட்டர் தூரம் மட்டும் ஓட விடுங்கள். எதிர்ச் சுவருக்கு 2 மீட்டர் முன்னால் திரும்பும் கோடு இருக்க வேண்டும். இல்லாவிட்டால் கையைச் சுவரில் ஊன்றித் திரும்புவார்கள், மணிக்கட்டு போகும்.

வருகையை நடந்துகொண்டே எடுக்கலாம். பிள்ளைகள் முற்றத்தைச் சுற்றி வேக நடை போடட்டும், ஆசிரியர் நடுவில் நின்று பெயர் கூப்பிடட்டும். 5 நிமிஷம் அப்படியே திரும்பக் கிடைக்கும், வார்ம்-அப்பும் முடிந்துவிடும்.

ராயபுரம்_கோகோ:
வரிசைக் கணக்கு சரி சார். ஆனால் ஓட விட்டுக்கொண்டே இருந்தால் இரண்டே வாரத்தில் பிள்ளைகளுக்குச் சலித்துவிடும். விளையாட்டு வேண்டும். கோ-கோவுக்கு ஒரு சாமானும் வாங்க வேண்டாம்.

நந்தனம்_கோச்:
கோ-கோவில் ஒரு சமயத்தில் எத்தனை பேர் ஓடுகிறார்கள் என்று பாருங்கள் சார். துரத்துபவர் ஒருவர், தப்பிக்க உள்ளே வந்தவர்கள் மூவர். எட்டுப் பேர் உட்கார்ந்திருக்கிறார்கள், தப்பிக்கும் அணியில் மீதிப் பேர் வெளியே முறைக்காகக் காத்திருக்கிறார்கள். போட்டிக்கு அற்புதமான ஆட்டம், அதில் சந்தேகமில்லை. 40 பேர் வகுப்புக்கு அப்படியே எடுத்தால் பெரும்பாலோர் உட்கார்ந்தே இருப்பார்கள்.

ராயபுரம்_கோகோ:
ஒத்துக்கொள்கிறேன். அதனால்தான் சின்னதாக்கி ஆட வேண்டும். 20-க்கு 12 முற்றத்தை நடுவில் பிரித்தால் 10-க்கு 12 அளவில் இரண்டு களம் கிடைக்கும். ஒவ்வொன்றிலும் 4 பேர் உட்காரட்டும், ஒருவர் துரத்தட்டும், 3 பேர் தப்பிக்கட்டும். 60 விநாடிக்கு ஒரு விசில், விசில் அடித்தால் முழு அணியும் மாற வேண்டும். இரண்டு களத்திலும் சேர்த்து 16 பேர். மீதி 24 பேருக்கு அந்த நேரத்தில் களத்துக்கு வெளியே வேறு வேலை கொடுத்துவிட வேண்டும், வேடிக்கை பார்க்க விடக் கூடாது.

சிமென்டில் ஆடும்போது கம்பம் நடாதீர்கள், சாக்பீஸால் வட்டம் போட்டால் போதும். டைவ் அடிப்பது கூடவே கூடாது, இதை முதல் நாளே சொல்லிவிட வேண்டும். உட்காருகிறவர்கள் ஒருவர் விட்டு ஒருவர் எதிரெதிர்ப் பக்கம் பார்த்து, எழத் தயாராகக் குந்தியிருக்க வேண்டும். சம்மணம் போட்டால் எழும்போது தடுக்கும். "கோ" கொடுப்பவர் முதுகில் தட்டட்டும், தள்ளக் கூடாது. சிமென்டில் நடக்கும் முழங்கால் சிராய்ப்பில் பெரும்பகுதி இந்தத் தள்ளலில்தான்.

கபடியைச் சிமென்டில் பிடித்து ஆடவே வேண்டாம். அதற்குப் பதில் வால் பிடி ஆட்டம். பழைய வேட்டியையோ துப்பட்டாவையோ 40 செ.மீ. நீளம், இரண்டு விரல் அகலத்தில் கிழித்து இடுப்பின் பின்பக்கம் செருகிக்கொள்ள வேண்டும், முடிச்சுப் போடக் கூடாது. அடுத்தவர் வாலை உருவ வேண்டும், நம் வாலைக் காப்பாற்ற வேண்டும். வால் போனவர் வெளியே உட்காரக் கூடாது. ஓரத்துக்குப் போய்ப் பத்துத் தடவை குதித்துவிட்டு வாளியிலிருந்து வேறு வால் எடுத்துக்கொண்டு மறுபடி உள்ளே. 40 பேரை இரண்டாகப் பிரித்து 20 பேர் ஆடினால் முற்றம் தாங்கும். 90 விநாடிக்கு மேல் ஒரு சுற்று வேண்டாம், களைத்ததும் மோதிக்கொள்வார்கள்.

டீச்சர்_அம்பத்தூர்:
"அவுட் ஆனா உட்காரு" விதியை எல்லா ஆட்டத்திலிருந்தும் எடுத்துவிட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. முதலில் அவுட் ஆவது மெதுவாக ஓடும் பிள்ளை, பருமனான பிள்ளை, பயந்த பிள்ளை. யாருக்கு அசைவு அதிகம் தேவையோ அவர்களைத்தான் அந்த விதி முதலில் உட்கார வைக்கிறது. கல்லா மண்ணா, நொண்டி, செவன் ஸ்டோன் எல்லாவற்றையும் அவுட் இல்லாமல் ஆட முடியும். நொண்டியில் தொடப்பட்டவர் அடுத்து நொண்டியடிப்பவரோடு சேர்ந்துகொள்ளட்டும். இரண்டு பேர், நாலு பேர் என்று பெருகி, கடைசியில் வகுப்பே நொண்டியடிக்கும்.

தலைவர் இருவர் மாறி மாறி ஆள் பிரிப்பதும் வேண்டாம். கடைசி வரை நிற்கும் பிள்ளையின் முகத்தைப் பார்த்தால் ஏன் என்று புரியும். வருகைப் பதிவு எண் ஒற்றை, இரட்டை என்று பிரித்தால் பத்து விநாடியில் அணி தயார்.

இன்னொன்று. சத்தம் போட்டதற்கு நாலு ரவுண்டு, வீட்டுப்பாடம் எழுதாததற்கு இருபது தோப்புக்கரணம் என்று தண்டனையாகக் கொடுப்பதைப் பள்ளி முழுக்க நிறுத்துங்கள். ஓட்டத்தைத் தண்டனையாகப் பழகிய பிள்ளை பெரியவனானதும் தானாக ஓட வருவானா?

அடையாறு_அப்பா:
தோப்புக்கரணம் நல்ல பயிற்சிதானே மேடம். நம் பாட்டன் காலத்திலிருந்து வருகிறது.

டீச்சர்_அம்பத்தூர்:
பயிற்சியாகச் செய்தால் நல்லதுதான் சார். சர்க்யூட்டில் (இடம் இடமாக மாறிச் செய்யும் பயிற்சிச் சுற்று) ஒரு இடமாகவே வைக்கலாம். வகுப்பு முன்னால் அவமானப்படுத்தும் கருவியாக்குவதைத்தான் வேண்டாம் என்கிறேன்.

நந்தனம்_கோச்:
சர்க்யூட் பேச்சு வந்ததால் இந்த முற்றத்துக்கு ஏற்றதைச் சொல்லிவிடுகிறேன். எட்டு இடம், இடத்துக்கு 5 பேர். மாடிப்படியின் முதல் படியில் ஏறி இறங்குவது, சுவரில் கை ஊன்றித் தண்டால், ஸ்கிப்பிங், 5 மீட்டர் இடைவெளியில் இரண்டு கோட்டுக்கு நடுவே ஓடித் தொடுவது, தோப்புக்கரணம், சுவரில் வரைந்த வட்டத்தைக் குறிபார்த்து டென்னிஸ் பந்து எறிந்து பிடிப்பது, பாண்டிக் கட்டம், பிளாங்க் (முழங்கையும் கால்விரலும் ஊன்றி உடம்பை நேராக நிறுத்துவது). 30 விநாடி வேலை, 30 விநாடி இடம் மாற. ஒரு சுற்று 8 நிமிஷம், இரண்டு சுற்று 16. நீள விசில் ஒன்று என்றால் ஆரம்பம், குட்டை விசில் இரண்டு என்றால் கடிகாரச் சுற்றில் அடுத்த இடம்.

முதல் நாளே எட்டையும் வைத்துவிட்டு "சர்க்யூட் நம் பள்ளிக்கு ஒத்து வராது" என்று கைவிடுவதைத்தான் அடிக்கடி பார்க்க முடிகிறது. விளக்கவே இருபது நிமிஷம் ஓடிவிடும். முதல் வாரம் நாலு இடம், இடத்துக்குப் பத்துப் பேர், எல்லோருக்கும் தெரிந்த பயிற்சி மட்டும். அடுத்த வாரங்களில் ஒவ்வொன்றாகச் சேர்க்க வேண்டும். தொடு ஓட்டத்தைச் சுவரோரம் நீளவாக்கில் வையுங்கள். நடுவில் வைத்தால் இடம் மாறும் பிள்ளைகள் குறுக்கே வருவார்கள். பந்து இடத்தை மூலையில் வைத்தால் உருண்ட பந்து எங்கேயும் போகாது.

கோடு போடச் சுண்ணாம்புத் தூள் வாங்க வேண்டாம். சுடாத சுண்ணாம்பு, நீற்றாத சுண்ணாம்பு என்று கடையில் எதைக் கொடுப்பார்கள் என்று சொல்ல முடியாது. நீற்றாத சுண்ணாம்பு கண்ணில் பட்டால் வெந்துவிடும். கல் கோலமாவு போதும். பாண்டிக் கட்டம் மாதிரி நிரந்தரக் கோடுகளுக்குத் தரை பெயின்ட் அடித்து, ஈரத்தில் வழுக்காமல் இருக்க மேலே மெல்லிசாக மணல் தூவிக் காய விடுங்கள். மணல் தூவாத பெயின்ட் ஐப்பசி மழையில் கண்ணாடி மாதிரி வழுக்கும்.

பெரம்பூர்_எஸ்எம்சி:
மிக்க நன்றி. ஸ்கிப்பிங் கயிறு 40 வாங்கினால் பட்ஜெட்டில் பெரும்பகுதி போய்விடுமே?

ராயபுரம்_கோகோ:
ரெடிமேட் கயிறு வாங்காதீர்கள் அக்கா, பிளாஸ்டிக் கைப்பிடி ஒரு மாதத்தில் உடைந்து வரும். ஹார்டுவேர் கடையில் 8 மி.மீ. நைலான் கயிறு எடையில் கொடுப்பார்கள். 20 கயிறு போதும், பாதி வகுப்பு கயிற்றில், பாதி வேறு ஆட்டத்தில். ஒரு கயிற்றுக்கு 2.6 மீட்டர் என்றால் 52 மீட்டர். நுனிகளை மெழுகுவர்த்தியில் உருக்கி அடைக்க வேண்டும், பிறகு இரண்டு பக்கமும் கெட்டியாக முடிச்சு. அதுதான் கைப்பிடி.

நைலான் லேசாக இருப்பதால் சுற்றும்போது வளைவு விழாது, காற்றில் அலையும். கயிற்றின் நடுவில் ஒரு சாண் நீளத்துக்குத் தோட்டத்துக்குத் தண்ணீர் விடும் ட்யூப் துண்டை நுழைத்துவிடுங்கள், நகராமல் இரண்டு பக்கமும் டேப் சுற்றுங்கள். எடை வந்துவிடும், தரையில் உரசி நூல் பிரிவதும் நிற்கும்.

அளவு பார்க்கக் கயிற்றின் நடுவில் ஒரு காலை வைத்து இரண்டு நுனியையும் மேலே இழுக்க வேண்டும். அக்குள் வரை வந்தால் கற்றுக்கொள்ளும் பிள்ளைக்குச் சரி. நீளமாக இருந்தால் கையில் ஒரு சுற்று சுற்றிக்கொள்ளலாம், குட்டையாக இருந்தால் ஒன்றும் செய்ய முடியாது. அதனால் நீளமாகவே வெட்டுங்கள். 6-ஆம் வகுப்புக்கு நுனியில் நீலம், 8-க்குச் சிவப்பு என்று டேப் ஒட்டினால் எடுக்கும்போது குழப்பம் வராது.

மயிலை_பிசியோ:
சிமென்டில் குதிப்பதற்கு ஒரு வரம்பு வேண்டும். தொடக்கத்தில் ஒரு பீரியடுக்கு மொத்தம் நூறு குதி, பதினைந்து இருபதாகப் பிரித்து. மூன்று நாலு வாரத்தில் மெல்லக் கூட்டலாம். தோல் ஷூவோடு குதிக்கக் கூடாது, அடிப்பாகம் விறைப்பாக இருக்கும், வழுக்கும். பி.டி. நாளில் கேன்வாஸ் ஷூ. வெறுங்கால் என்றால் நிழலில், தரை சூடு பார்த்து. புறங்கையைத் தரையில் 5 விநாடி வைக்க முடியவில்லை என்றால் பிள்ளையின் உள்ளங்காலும் அங்கே படக் கூடாது.

8 முதல் 14 வயதுக்குள் குதிகால் வலி, 10 முதல் 15-க்குள் முழங்காலுக்குக் கீழே முன்பக்க எலும்பு மேட்டில் வலி என்று பிள்ளைகள் சொன்னால் நடிப்பு என்று நினைக்காதீர்கள். எலும்பு வேகமாக வளரும் வயதில் தசைநார் இழுப்பதால் வரும். குதிப்பதையும் ஓடுவதையும் குறைத்து, சுவர்த் தண்டால், பந்து எறிதல் என்று மாற்றிக் கொடுக்கலாம். முழு ஓய்வு தேவைப்படுவது குறைவு. ஒரு பக்கம் மட்டும் வீங்கினாலோ இரவில் தூக்கம் கெடுக்கும் வலி இருந்தாலோ டாக்டரிடம் போக வேண்டும்.

ஓடும்போதே மயங்கி விழுந்த பிள்ளை, நெஞ்சு வலி என்று சொன்ன பிள்ளை, குடும்பத்தில் சின்ன வயதில் திடீர் மரணம் நடந்த பிள்ளை: இந்த மூவரும் இதய டாக்டர் பார்க்காமல் மறுபடி ஓடக் கூடாது. வீசிங் உள்ள பிள்ளையை ஓரமாக உட்கார வைப்பது சரியல்ல. பத்து நிமிஷ மெதுவான வார்ம்-அப், டாக்டர் சொல்லியிருந்தால் தொடங்கும் முன் இன்ஹேலர், அது ஆபீஸ் பீரோவில் பூட்டி இல்லாமல் முற்றத்தில் ஆசிரியர் பையில். இவ்வளவு இருந்தால் அந்தப் பிள்ளையும் ஆடலாம்.

வேகம் சரியா என்று பார்க்க நாடி பிடிக்க வேண்டாம். 220-லிருந்து வயதைக் கழிக்கும் கணக்கு பெரியவர்களுக்கானது, பிள்ளைகளுக்குப் பொருந்தாது. பேச முடிகிறது, பாட முடியவில்லை என்றால் மிதமான வேகம். நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் வரவில்லை என்றால் கடும் வேகம். இரண்டும் கலந்து வர வேண்டும்.

அடையாறு_அப்பா:
சென்னை வெயிலில் இதெல்லாம் நடக்குமா என்பதுதான் என் கவலை. சாப்பாடு முடிந்து வெயிலில் விட்டால் பிள்ளை சுருண்டு விழும்.

மயிலை_பிசியோ:
கவலை நியாயமானது. முதல் வேலையாக அந்த மதிய பீரியடை மாற்றுங்கள். சாப்பிட்டு ஒன்றரை மணி நேரமாவது ஆக வேண்டும். காலை முதல் அல்லது இரண்டாம் பீரியட் நல்லது, ஆனால் காலையில் வெறும் வயிற்றோடு வரும் பிள்ளை இருக்கிறதா என்று விசாரியுங்கள். காலை உணவுத் திட்டம் தொடங்கியது 5-ஆம் வகுப்பு வரைக்குத்தான், நீங்கள் சொல்வது 6-க்கு மேல்.

வெப்பநிலையை மட்டும் பார்த்தால் சென்னையில் ஏமாந்துபோவோம். இங்கே ஈரப்பதம்தான் எதிரி. வியர்வை வழியும், ஆவியாகாது, உடம்பு குளிராது. மதியத்துக்கு மேல் கடல் காற்று இறங்கினால் கொஞ்சம் தாங்கும். காற்று வராமல் புழுங்கும் நாளில் நிழலில் கூட ஓட்டம் வேண்டாம், பந்து எறிதல், பிளாங்க், உடம்பு நீட்டல் போதும். கோடை விடுமுறை முடிந்து ஜூனில் திறக்கும்போது வெயிலும் அடங்கியிருக்காது, பிள்ளைகளுக்கும் பழக்கம் விட்டிருக்கும். உடம்பு வெப்பத்துக்குப் பழக 10 முதல் 14 நாள் ஆகும். வாரம் இரண்டே பீரியட் என்பதால் முதல் மூன்று வாரம் பாதி வேகம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

20 நிமிஷத்துக்கு ஒருமுறை தண்ணீர், இந்த வயதுக்கு 100 முதல் 250 மி.லி. "முடிந்ததும் குடி" என்று சொல்லக் கூடாது. தலைவலி, குமட்டல், வெளிறிய முகம் என்றால் நிழலில் படுக்க வைத்துக் காலை உயர்த்தித் தண்ணீர் கொடுங்கள். பேச்சு குழறுகிறது, கேட்டதற்குச் சம்பந்தமில்லாமல் பதில் சொல்கிறது என்றால் அது வெப்ப வாதம் (ஹீட் ஸ்ட்ரோக்). வியர்த்திருந்தாலும் வெப்ப வாதமாக இருக்கலாம். வாயில் எதுவும் ஊற்றாமல், உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றி விசிறி, கழுத்து, அக்குள், தொடை இடுக்கில் ஐஸ் வைத்துக்கொண்டே 108-ஐக் கூப்பிட வேண்டும். வண்டி வரட்டும் என்று காத்திருக்காமல் அங்கேயே குளிர வைக்க வேண்டும், உயிரைக் காப்பது அதுதான்.

விளையாட்டு விழா ஒத்திகையில் விழும் பிள்ளைகள் பெரும்பாலும் ஓடி விழுவதில்லை, நின்று விழுகிறார்கள். அணிவகுப்பில் விறைப்பாக அரை மணி நேரம் நின்றால் ரத்தம் காலில் தேங்கித் தலை சுற்றும். ஐந்து நிமிஷத்துக்கு ஒருமுறை நின்ற இடத்திலேயே கால் மாற்றி மிதிக்கச் சொன்னால் பாதி மயக்கம் வராது.

டீச்சர்_அம்பத்தூர்:
சுவரோரம் நிற்கும் பெண் பிள்ளைகள் பற்றி யாரும் இன்னும் பேசவில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வாளர்கள் 2019-இல் வெளியிட்ட கணக்குப்படி, 11 முதல் 17 வயதில் போதிய உடலியக்கம் இல்லாத பையன்கள் உலக அளவில் 78 சதவீதம், பெண்கள் 85 சதவீதம். பெண் பிள்ளைகள் ஒதுங்கி நிற்பது விருப்பமில்லாததால் அல்ல. காரணங்கள் கண்ணுக்கு முன்னால் இருக்கின்றன.

முற்றத்தின் நடுப்பகுதியைப் பையன்கள் பிடித்துக்கொள்கிறார்கள். இதற்குச் சமரசம் வேண்டாம். ஒரு பீரியடில் நடுப்பகுதி பெண்களுக்கு, அடுத்ததில் பையன்களுக்கு என்று எழுதி ஒட்டுங்கள். உடை அடுத்த காரணம். துப்பட்டாவைப் பின் குத்திக்கொண்டு எந்தப் பிள்ளையாலும் குதிக்க முடியாது. பி.டி. நாளில் காலையிலேயே ட்ராக் பேன்ட், டி-ஷர்ட்டில் வரலாம் என்று தலைமையாசிரியர் டைரியில் எழுதிவிட்டால் உடை மாற்ற இடம் தேட வேண்டியதில்லை. டி-ஷர்ட் அடர் நிறமாக இருக்கட்டும், வெள்ளை வியர்வையில் ஒட்டும். 7, 8-ஆம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஸ்போர்ட்ஸ் பிரா பற்றி ஒரு டீச்சர் அம்மாக்களிடம் தனியாகப் பேச வேண்டும். இந்த ஒன்றுக்காகவே குதிக்க மறுக்கும் பிள்ளைகள் உண்டு, வாய் திறந்து சொல்ல மாட்டார்கள்.

மாதவிடாய் என்றால் உட்கார் என்று விதி போடாதீர்கள், ஆடித்தான் ஆக வேண்டும் என்றும் போடாதீர்கள். "இன்று மெதுவாக" என்று சொன்னால் காரணம் கேட்காமல் விடுங்கள். நடக்கலாம், பந்து எறியலாம், விருப்பப்பட்டால் ஓடலாம். கழிவறையில் தண்ணீரும் நாப்கினும் குப்பைத் தொட்டியும் இருக்க வேண்டும், கதவுத் தாழ்ப்பாள் வேலை செய்ய வேண்டும். ரூ. 5,000-இல் முதல் செலவு அந்தத் தாழ்ப்பாளாக இருந்தாலும் தப்பில்லை.

என்ன விளையாட்டு வேண்டும் என்று அவர்களையே கேளுங்கள். த்ரோபால் நம் ஊரில் நன்றாகப் பிடித்துக்கொண்ட விளையாட்டு. 1920-இல் சென்னையில் உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கிய ஒய்.எம்.சி.ஏ. வழியாகத்தான் இங்கே வந்தது. நெட்டுக்குப் பதில் கயிறு கட்டி, 4-க்கு 4 ஆக இரண்டு களம் ஓட்டலாம். பந்து கையில் 3 விநாடிக்கு மேல் நிற்கக் கூடாது, அது போதும், ஆட்டம் வேகமாகிவிடும்.

அடையாறு_அப்பா:
பரீட்சை நெருங்கினால் கணக்கு டீச்சர் பி.டி. பீரியடை எடுத்துக்கொள்வாரே, அதற்கு?

டீச்சர்_அம்பத்தூர்:
ஒரு நோட்டுப் போடுங்கள். தேதி, வகுப்பு, யார் எடுத்தார்கள், எந்த நாள் திருப்பித் தருவார்கள் என்று நாலு கட்டம். அதே வாரத்துக்குள் திருப்பித் தர வேண்டும். மாதக் கூட்டத்தில் எஸ்எம்சி அந்த நோட்டைக் கேட்டு வாங்கிப் பார்க்க வேண்டும். யாரையும் குற்றம் சொல்லத் தேவையில்லை, எழுத வேண்டும் என்று வந்தாலே கடன் குறைந்துவிடும். மழை நாளில் பி.டி. ரத்து என்பதும் வேண்டாம். பெஞ்சுக்கு நடுவே நின்ற இடத்தில் ஓட்டம், நாற்காலி தண்டால், சொல்லும் சொல்லுக்கு எதிராகச் செய்யும் ஆட்டம் என்று 15 நிமிஷம் வகுப்பறையிலேயே ஓட்டலாம்.

பெரம்பூர்_எஸ்எம்சி:
எல்லோருக்கும் நன்றி. கடைசியாக இரண்டு கேள்வி. பக்கத்தில் மாநகராட்சி விளையாட்டுத் திடல் இருக்கிறது, பயன்படுத்தலாமா? மாற்றம் வந்திருக்கிறதா என்று எதை வைத்துச் சொல்வது? பிள்ளைகளின் உடற்தகுதியைப் பார்க்கும் ஃபிட் இந்தியா டெஸ்டில் 600 மீட்டர் ஓட்டம் இருக்கிறது, அதை இந்த முற்றத்தில் எடுக்கலாமா?

நந்தனம்_கோச்:
முற்றத்தில் 600 எடுக்காதீர்கள். சுற்றளவே 64 மீட்டர், ஒன்பது சுற்றுக்கு மேல் வரும், நாலு மூலையிலும் வேகம் குறைத்துத் திரும்ப வேண்டும், வழுக்கும். வரும் நேரமும் பொய்யான நேரம். 600 மீட்டரையும் 50 மீட்டரையும் திடலில் பருவத்துக்கு ஒரு தடவை எடுங்கள். தலைமையாசிரியர் கையெழுத்தோடு மண்டல அலுவலகத்துக்குக் கடிதம், கிழமையும் நேரமும் குறிப்பிட்டு. காலை நேரத்தில் திடல் பெரும்பாலும் காலியாகத்தான் இருக்கும். இருவர் இருவராக நடக்க வேண்டும், முன்னால் ஒரு பெரியவர், பின்னால் ஒருவர், சாலை கடக்கும் இடத்தில் மூன்றாமவர். எஸ்எம்சி உறுப்பினர்கள் முறை வைத்து வந்தால் ஆள் பிரச்சினை தீரும். போகிற நடையும் வருகிற நடையும் கணக்கில் சேரும். போனதும் கண்ணாடித் துண்டு, ஆணி இருக்கிறதா என்று பிள்ளைகளை விடும் முன் பெரியவர்கள் ஒரு நடை நடந்து பாருங்கள்.

மாற்றத்தை டெஸ்ட் நேரத்தை வைத்துப் பார்க்க வேண்டாம், இந்த வயதில் வளர்ச்சியாலேயே நேரம் மாறும். பி.எம்.ஐ. (உயரத்துக்கு ஏற்ற எடையா என்று பார்க்கும் கணக்கு) எடுத்தால் தனியாக எடுங்கள், எடையைச் சத்தமாகப் படிக்கக் கூடாது. பீரியடைத்தான் அளக்க வேண்டும். எஸ்எம்சியில் ஒருவர் ஓரத்தில் உட்கார்ந்து, முன்கூட்டிச் சொல்லாமல் நாலு பிள்ளைகளைத் தேர்ந்தெடுங்கள்: நன்றாக ஓடும் ஒருவர், சுமாரான இருவர், சுவரோரம் நிற்கும் ஒருவர். 20 விநாடிக்கு ஒருமுறை ஒவ்வொருவராகப் பார்த்துக் கோடு போடுங்கள். உட்கார்ந்திருந்தால் "உ", நின்றால் "நி", நடந்தால் "ந", ஓடினாலோ குதித்தாலோ "ஓ". மணி அடித்தது முதல் மணி அடிக்கும் வரை, படி இறங்கும் நேரத்தையும் சேர்த்து. 40 நிமிஷத்துக்கு 120 குறி வரும், ஆளுக்கு 30. அதில் "ந", "ஓ" இரண்டும் சேர்ந்து பாதிக்கு மேல் போக வேண்டும். நாலு பேரின் எண்ணிக்கையையும் தனித்தனியாக எழுதுங்கள், சராசரி போடாதீர்கள். சுவரோரப் பிள்ளையின் எண் ஏறவில்லை என்றால் ஆட்டத்தை மாற்றுங்கள். முதல் அளவை இப்போதே, எதையும் மாற்றுவதற்கு முன்னால் எடுத்துவிடுங்கள்.

பெரம்பூர்_எஸ்எம்சி:
வியாழக்கிழமை 7-ஆம் வகுப்பு பீரியடில் முதல் அளவு எடுக்கிறோம். கயிற்றுக்கும் ட்யூபுக்கும் ஆள் சொல்லியாயிற்று. தாழ்ப்பாளும் பட்டியலில் சேர்ந்துவிட்டது. வந்த எண்களை இங்கேயே போடுகிறேன்.